ஆளிவிதை எண்ணெயும் அக்ரோட்டுக் கட்டையும்

பழைய துப்பாக்கி ஒன்று கைக்குக் கிடைத்தால், அதை வாங்குகிறவர் முதலில் குழலுக்குள் ஒரு கண்ணை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். குதிரையை இழுத்து விடுவார். இரும்பிலே பொறித்திருக்கும் பெயரையும் ஊரையும் எழுத்துக் கூட்டிப் படிப்பார். இவ்வளவும் ஆன பிறகு, போனால் போகிறது என்பதுபோலக் கட்டையை ஒரு தடவு தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். சுடுகிறவனுடைய தோளையும் கன்னத்தையும் உள்ளங்கையையும் ஓயாமல் தொட்டுக்கொண்டிருப்பது அந்தக் கட்டைதான் என்பதும், அந்தத் துப்பாக்கி யாரிடம் எவ்வாறு வளர்ந்தது என்பதை இரும்பைவிட அதுவே விவரமாகச் சொல்லும் என்பதும் அவருக்குத் தோன்றுவதில்லை. இங்கிலாந்தில் துப்பாக்கித் தொழில் செழித்திருந்த இரண்டு நூற்றாண்டுகளில், அந்தக் கட்டைக்கு எண்ணெயும் மெழுகும் ஏற்றி மெருகிட்ட வேலைக்கென்று தனிச் சரித்திரம் ஒன்று உண்டு. செக்கும் பீப்பாயும் கந்தல் துணியும் நடமாடுகிற சரித்திரமேயாயினும், ஐரோப்பாவை உறைய வைத்த ஒரு பனிக்காலமும், பிரெஞ்சு அரசாங்கத்தின் ஒரு சட்டமும், கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட விதை மூட்டைகளும், 1857-ஆம் வருஷத்துப் பெருங்கலகத்தின் ஓரமும் அதில் வந்து போகின்றன.

மரத்திலிருந்து தொடங்குவோம். 1637-ல் லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் முதலாம் சார்லஸ் மன்னனிடம் சாசனம் பெற்ற காலத்தில், கைக்குக் கிடைத்த உறுதியான மரம் எதுவாயினும் கட்டைக்கு ஆகும் என்ற நிலைதான் இருந்தது. பணக்காரன் துப்பாக்கிக்கு ஒரு மரம், படைவீரன் துப்பாக்கிக்கு வேறொரு மரம் என்று வைத்து, பின்னதன்மேல் சாயத்தைப் பூசி மறைத்தும்விட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில்தான் அக்ரோட்டு மரம் மற்றவற்றையெல்லாம் தள்ளிவிட்டு அந்தப் பீடத்தில் தனியே உட்கார்ந்தது. வடமொழியில் அக்ஷோடம் என்று பெயர் பெற்ற இம்மரம் பாரசீகம் தொடங்கி இமயச் சாரல்வரை பிறந்த நாடாகக் கொண்டது. ஆங்கிலேயர் அதற்கு இட்ட 'வால்நட்' என்னும் பெயருக்கே, அவர்களுடைய பழைய பாஷையில், அந்நிய நாட்டுக் கொட்டை என்றுதான் அர்த்தம். அதன் மூன்று குணங்கள் தொழிலாளியை மயக்கின. நன்றாகக் காய்ந்த பிறகு அது எளிதில் கோணுவதில்லை. வெடியின் உதை தோளை நோக்கி வரும்போது அதைத் தாங்கிப் பிளவாமல் நிற்கிறது. நுண்ணிய செதுக்கு வேலைக்கு உளியின் சொல்லைக் கேட்கிறது. ஓக் மரமும் உறுதியானதுதானே என்று கேட்கலாம். ஓக்கின் துவர்ப்புச் சத்து இரும்பை அரித்துக் கறுக்கச் செய்துவிடும், இரும்பும் மரமும் இரவு பகலாக ஒட்டிக்கிடக்க வேண்டிய இடத்தில் அது உதவாது.

மரத்தின் விலை ஏறுவதற்கு இயற்கையும் ஒரு கை கொடுத்தது. 1709-ஆம் வருஷத்துக் குளிர்காலம் ஐரோப்பிய சரித்திரத்திலேயே மிகக் கொடியவற்றில் ஒன்று. அந்தப் பனியில் அக்ரோட்டுத் தோப்புகள் தேசம் தேசமாகப் பட்டுப்போயின. பிரான்சு தேசத்தார் எஞ்சியதைக் காப்பாற்றிக்கொள்ள எண்ணி, 1720-ல் அந்த மரம் எல்லை தாண்டிப் போகக் கூடாது என்று சட்டம் செய்தார்கள். இங்கிலாந்தின் மேஜை நாற்காலித் தச்சர்கள் அதன் பிறகு மெல்ல மெல்ல மகாகனி மரத்துக்கு மாறினார்கள். துப்பாக்கித் தச்சர்களுக்கு மாறப் போக்கிடம் இல்லை. நூறு வருஷத்துக்கு மேல் கழிந்து கிரிமியா யுத்தம் மூண்டபோது, பர்மிங்ஹாம் நகரத்து ஒப்பந்தக்காரர் ஒருவர் இத்தாலியில் துரின் நகருக்கே போய் மரம் அறுக்கும் ஆலை வைத்தார். அவர் அங்கே ஏறக்குறைய 1,00,000 அக்ரோட்டு மரங்களைக் கட்டைகளாக மாற்றினார் என்றும், சராசரி மரம் ஒன்றுக்கு 30 கட்டை தேறும் என்றும் பர்மிங்ஹாம் தொழிலைப் பற்றி 1866-ல் எழுதிய ஜே.டி. குட்மன் கணக்குச் சொல்லியிருக்கிறார். ஒரு யுத்தத்தின் விலையை எத்தனையோ வகையில் கணக்கிடுகிறார்கள். தோப்புக் கணக்கில் பார்த்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அறுத்த மரத்தை உடனே செதுக்கிவிட முடியாது. அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் என்பது மரம் உலர்த்துகிறவர்களின் பழைய கணக்கு. காற்றோட்டமான கொட்டகையில் கட்டைகளை அடுக்கி, வெட்டு முகத்தில் வெடிப்பு விழாதபடி மெழுகு தடவி, வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். அப்படிக் காத்திருந்து செதுக்கிய பிறகும் மரம் மரமாகவே இருக்கிறது. மழைக் காலத்தில் ஈரத்தைக் குடித்து உப்பும், வேனிலில் வற்றிச் சுருங்கும். கதவு உப்பினால் இழைப்புளி எடுத்துச் சீவிவிடலாம். துப்பாக்கியின் முன்கட்டை உப்பினால் அது குழலை ஒரு பக்கமாக நெருக்கும், நெருக்கினால் குறி விலகும். நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு சாண் விலகினால் வேட்டைக்காரனுக்கு மான் தப்பும். சிப்பாய்க்கு உயிரே தப்பாமல் போகலாம். கட்டைக்கு எண்ணெய் இடும் வழக்கம் இந்த அச்சத்தில்தான் பிறந்தது. அழகு என்பது அதன்மேல் பிற்பாடு வந்து குடியேறிய விஷயம்.

எந்த எண்ணெயை இடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எண்ணெய்களில் இரண்டு ஜாதி உண்டு. தேங்காய் எண்ணெயையோ ஆமணக்கெண்ணெயையோ ஒரு பலகையில் தடவி மாதக்கணக்கில் விட்டு வைத்தாலும் அது எண்ணெயாகவே இருக்கும். தொட்ட விரலில் ஒட்டும், விழுந்த தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஆளிவிதையிலிருந்து ஆட்டி எடுக்கும் எண்ணெயின் ஸ்வபாவம் வேறு. காற்றுப் பட்ட நேரத்திலிருந்து அது காற்றிலுள்ள பிராணவாயுவைத் தன்னுள் இழுக்கத் தொடங்கி, அணுவோடு அணு பின்னிக்கொண்டு, சில நாட்களில் மெல்லிய தோல்போலக் கெட்டிப்பட்டுவிடும். ஈரத்துணி உலர்வது அதிலுள்ள தண்ணீர் போய்விடுவதால். இந்த எண்ணெய் உலர்வதோ வெளியிலிருந்து ஒன்று வந்து சேர்வதால். ஆகையினாலேயே காய்ந்த எண்ணெய் முன்னிலும் நிறை சற்றுக் கூடியிருக்கும். வாய் திறந்து கிடந்த பெயின்டுப் பாத்திரத்தில் இப்படி ஆடைபோல் படிந்திருந்த தோலைக் கண்டுதான், பிரெடரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் 1860-களில் லினோலியம் என்ற தரை விரிப்பை உண்டாக்கினார். துப்பாக்கித் தச்சனோ அதே தோலை மரத்தின் மேலே படியவிடாமல், மரத்தின் நுண்துளைகளுக்கு உள்ளேயே படியும்படி செய்ய முயன்றான்.

பச்சை எண்ணெய் காய்வதற்கு வெகு நாள் பிடிக்கும். அதற்காக மிருதாரசிங்கியை, அதாவது சித்த வைத்தியர்களும் அறிந்த ஈயத்தின் மஞ்சள் பஸ்பத்தை, எண்ணெயில் இட்டுக் காய்ச்சினார்கள். அப்படிக் காய்ச்சியது ஓரிரு நாளில் உலர்ந்தது. நம்முடைய பெயின்டுக் கடைகளில் 'டபுள் பாயில்ட்' என்று கேட்டால் கொடுக்கிற எண்ணெய் இதன் சந்ததியே; ஈயத்துக்குப் பதிலாக வேறு உலோகங்களின் உப்பு இப்போது அதில் சேருகிறது. விதைக்கு இங்கிலாந்து பிற நாடுகளைத்தான் நம்பியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டு எண்ணெய் ஆலைகளுக்கு ரஷ்யாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆளிவிதை கப்பல் கப்பலாகப் போயிற்று. வங்காளம், பீகார், மத்திய மாகாணம் ஆகிய இடங்களில் குடியானவன் விதைத்துக் கல்கத்தா, பம்பாய் வழியாக ஏற்றுமதியான விதைக்குச் சந்தையில் தனிப்பெயரே இருந்தது. லண்டன் பிரபு ஒருவர் தம் துப்பாக்கியின் மெருகைக் கண்டு அதை ஆங்கிலக் கைத்திறன் என்று பெருமைப்பட்டிருந்தால், அந்தப் பெருமையில் பீகார்க் குடியானவனுக்கும் ஒரு பங்கு உண்டு. அவனுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

இனி, லண்டன் பட்டறையின் உள்ளே போவோம். ஜோசப் மான்டன் என்ற மேதையிடம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து 1814-ல் தனிக்கடை வைத்த ஜேம்ஸ் பர்டி, 1835-ல் தொடங்கிய ஹாலண்டு வீட்டார் முதலியோரின் பட்டறைகளில் வேலை பகுதி பகுதியாகப் பிரிந்திருந்தது. குழல் செய்கிறவன் குழலோடு சரி. விசைப் பகுதியைப் பொருத்துகிறவன் கட்டையைத் தொடமாட்டான். கட்டை செதுக்குகிறவனுடைய வேலை முடிந்த இடத்தில் மெருகிடுகிறவனுடைய வேலை தொடங்கும். அவன் முதலில் செய்கிற காரியம் அறியாதவனுக்கு விபரீதமாகத் தோன்றும். அழகாக இழைத்து வந்த கட்டையின்மேல் ஈரத்துணியைத் தேய்த்து, உடனே நெருப்பின் பக்கம் காட்டுவான். ஈரமும் சூடும் பட்டதும், இழைப்பில் படுத்துப்போயிருந்த மரத்தின் நுண்ணிய நார்கள் பூனைக்குட்டியின் மயிர்போல எழுந்து நிற்கும். உப்புக் காகிதத்தால் அவற்றை அறுத்தெடுப்பான். மறுபடி ஈரம், மறுபடி நெருப்பு, மறுபடி காகிதம். இனி எவ்வளவு நனைத்தாலும் ஒரு நாரும் எழாது என்ற நிலை வரும்வரை இது நடக்கும். இதைச் சுருக்கிவிட்டால், முதல் மழையிலேயே அந்த நார்கள் எழுந்து துரையின் கன்னத்தைக் கீறி வேலையின் யோக்கியதையைச் சொல்லிவிடும்.

பிறகு வர்ணம். அக்ரோட்டு மரம் எல்லாம் ஒரே நிறமல்ல. வெளிறிய கட்டைக்குச் செம்மை ஊட்ட வேண்டும். அதற்கு அல்கனெட் என்ற செடியின் வேரைப் பச்சை ஆளிவிதை எண்ணெயில் நாள்கணக்கில் ஊறப் போட்டு வைப்பார்கள். அந்த வேரின் சிவப்பு தண்ணீரில் இறங்காது, எண்ணெயில்தான் இறங்கும் என்பது அதன் விசேஷம். வட இந்தியச் சமையற்காரர்கள் ரத்தன்ஜோத் என்று சொல்லி நெய்யில் போட்டுக் குழம்புக்கு நிறமேற்றும் வேர்களும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். மாணிக்கச் சிவப்பான இந்த எண்ணெயை மரத்தில் விட்டுத் தேய்க்கும்போது, அதுவரை மங்கிக் கிடந்த ரேகைகள் கருமையும் செம்மையும் பொன்னிறமுமாக ஒன்றன்மேல் ஒன்று அலையெழும்பி நிற்கும்; துப்பாக்கியைப் பற்றி யாதொரு பிரியமும் இல்லாதவன்கூட அந்தக் கணத்தில் வேலையை நிறுத்தி ஒருமுறை பார்ப்பான்.

அதற்குமேல் நடப்பது பொறுமை வேலை. தொழிலாளர் 'ஸ்லாக்கம்' என்று தங்களுக்குள் பெயரிட்டுக்கொண்ட ஒரு கலவை உண்டு. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன் வகையைச் சேர்ந்த பிசின், சிறிது மெழுகு ஆகியவை சேர்ந்தது. அதில் இரண்டு மூன்று துளி எடுத்து உள்ளங்கையால் கட்டை முழுவதும் பரப்பி, கை சூடேறும்வரை தேய்த்து, மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிட்டு, உலரும்வரை தொங்கவிடுவார்கள். துடைக்காமல் விட்டால் மிஞ்சிய எண்ணெய் பிசினாகி, எத்தனை வாரம் போனாலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். இந்தத் தொழிலில் கெட்டுப்போன கட்டைகளில் பெரும்பாலானவை எண்ணெய் போதாமல் கெட்டவையல்ல, அவசரத்தில் எண்ணெய் மிகுந்து கெட்டவை. சில பூச்சுகளுக்கு ஒரு முறை, சுண்ணாம்புப் பாறை மக்கிப் பொடியான மிருதுவான தூளை எண்ணெயில் குழைத்துக் கம்பளித் துணியால் தேய்த்து மேலெழுந்த பளபளப்பை அடக்குவார்கள். கண்ணாடிபோல மின்னுவது லண்டன் ரசனைக்கு அசிங்கம். விளக்கின் ஒளி மரத்தின்மேல் நின்றுவிடாமல் சற்று உள்ளே இறங்கித் திரும்புவதுபோல இருக்க வேண்டும். கையிலே வழுக்காமலிருக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டமிட்டுக் கொத்தும் வேலையும் செய்வார்கள். அந்தக் கொத்துகளுக்குள் எண்ணெய் தேங்கி அடைத்துக்கொள்ளாமல் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்தெடுப்பார்கள். இப்படி ஒரு கட்டை முடிவதற்கு வாரங்கள் ஆகும்.

இந்தக் கலவையின் சூத்திரத்தை ஒவ்வொரு பட்டறையும் ரகசியமாக வைத்துக்கொண்டது. தகப்பன் மகனுக்கு மட்டும் சொன்னது, வேலையாள் விலகிப்போகும்போது வாய்ப்பூட்டுப் போட்டது என்றெல்லாம் பேச்சுண்டு. வெளிவந்த சூத்திரங்களை ஒப்பிட்டுப் பார்த்தால், எல்லாவற்றிலும் அதே எண்ணெய், அதே வேர், அதே மெழுகு, அதே பிசின். அளவுகளில்தான் கொஞ்சம் ஏற்றத்தாழ்வு. நம் நாட்டில் ஊறுகாய்க்கும் மைசூர்ப்பாகுக்கும் வீட்டுக்கு வீடு ரகசியம் சொல்லிக்கொள்வதுபோன்றதே இதுவும். மெருகு உண்மையில் கையிலும் காத்திருப்பிலும் இருந்தது. அவற்றைப் புட்டியில் அடைத்து விற்க முடியாது என்பதால்தான் புட்டியிலிருந்ததைப் பெரிய ரகசியமாக்கினார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பிரபுக்களின் துப்பாக்கிக்கு வாரக்கணக்கில் காத்திருக்கலாம்; ராணுவத்துக்கு அந்த அவகாசம் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டுச் சிப்பாய் தூக்கிய துப்பாக்கிக்கு 'பிரவுன் பெஸ்' என்று செல்லப்பெயர். 1785-ல் வெளிவந்த குரோஸ் என்பவரின் கொச்சைச் சொல் அகராதியிலேயே அது ஏறிவிட்டது. பழுப்பு நிறத்தைக் குறிக்கும் அந்தப் பெயர் குழலுக்கு இட்ட நிறத்தால் வந்ததென்று சிலரும், கட்டையின் நிறத்தால் வந்ததென்று சிலரும் வாதிப்பார்கள். அந்தக் குழல்களை வெகுகாலம்வரை சிப்பாய்கள் வெள்ளிபோல் தேய்த்தே வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால், எனக்குக் கட்டைப் பக்கமே நியாயம் இருப்பதாகப் படுகிறது. அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு ஆயுதசாலையில் 1820-ஐ ஒட்டித் தாமஸ் பிளான்சார்டு என்பவர், ஒரு மாதிரிக் கட்டையைத் தடவித் தடவி அதேபோல் மற்றொன்றைக் கடைந்தெடுக்கும் யந்திரத்தைச் செய்தார். 1853-ல் அந்நாட்டுக்குப் போன ஜோசப் விட்வர்த், யந்திர வரிசையில் ஒரு துப்பாக்கிக் கட்டை 22 நிமிஷங்களில் உருவாவதைக் கண்டு வந்து எழுதினார். பிரிட்டிஷ் அரசாங்கம் அசந்துபோய் அந்த யந்திரங்களையே வாங்கி, லண்டனுக்கு வடக்கே என்பீல்டில் இருந்த அரசாங்கத் தொழிற்சாலையில் நிறுத்தியது.

கட்டை 22 நிமிஷத்தில் முடிந்தது; எண்ணெய் முடியவில்லை. எந்த யந்திரமும் பிராணவாயுவை அவசரப்படுத்தி மரத்துக்குள் அனுப்ப முடியாதாகையால், கட்டைகளைத் தொட்டி நிறைய ஆளிவிதை எண்ணெயில் அமிழ்த்தி எடுத்து, வடிய விட்டு, மிச்ச வேலையைச் சிப்பாயின் கையிலேயே ஒப்படைத்துவிட்டார்கள். புதுக் கட்டைக்கு முதல் வாரம் தினம் ஒரு முறை, முதல் மாதம் வாரம் ஒரு முறை, முதல் வருஷம் மாதம் ஒரு முறை, அதன் பின் ஆயுள் உள்ளவரை வருஷத்துக்கு ஒரு முறை என்று எண்ணெயிடும் கணக்கு இந்தத் தொழிலில் வாய்மொழியாக வழங்குவது. பட்டாளத்தில் அது சிப்பாயின் தினக்கடமைகளோடு சேர்ந்துபோயிற்று. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய், இரும்புக்கு வேறு எண்ணெய். அந்த வேறு எண்ணெய்க்கு ஆங்கிலேயர் வெகுகாலம் 'ரங்கூன் எண்ணெய்' என்றே பெயர் சொன்னார்கள். பர்மாவின் மண்ணெண்ணெய்க் கிணறுகளில் ஊறியது அது. இரண்டையும் மாற்றிப் போடுகிறவனுக்குத் துப்பாக்கியே தண்டனை கொடுக்கும்: ஆளிவிதை எண்ணெய் விசைக்குள் காய்ந்து பசையாகிப் பிடித்துக்கொள்ளும்; ரங்கூன் எண்ணெய் மரத்துக்குள் இறங்கிக் காயாமலே கிடந்து அதைக் கறுக்க வைத்து மெத்தென்று ஆக்கிவிடும்.

என்பீல்டு என்ற பெயரைச் சொன்னால் நம் நாட்டாருக்கு நினைவு வருவது மூன்றாவது வகைக் கொழுப்பு. 1853-ஆம் வருஷத்து மாதிரியான அந்தத் துப்பாக்கிக்கு, காகிதத்தில் சுற்றிய தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் கொட்டிக் குண்டை இறுக்க வேண்டும். குண்டு வழுக்கி இறங்குவதற்காகக் காகிதத்தின் ஒரு முனையில் மிருகக் கொழுப்பும் மெழுகும் தடவப்பட்டிருந்தன. அது பசுவின் கொழுப்பு, பன்றியின் கொழுப்பு என்ற பேச்சு 1857 ஜனவரியில் டம்டம் பாசறையில் எழுந்தது. சிப்பாய்கள் தங்களுக்கு உகந்த நெய்யையோ மெழுகையோ தாங்களே தடவிக்கொள்ளலாம் என்று அரசாங்கம் அந்த மாதத்திலேயே இறங்கி வந்தும் பயனில்லை. காகிதம் பளபளக்கிறதே, அதில் என்ன இருக்கிறதோ என்று சந்தேகம் காகிதத்தின்மேலேயே திரும்பிவிட்டது. கலகத்துக்குக் காரணங்கள் வேறு பலவும் உண்டு, அவற்றை விவரிக்க இது இடமல்ல. ஆனால் தன் கையிலிருந்த துப்பாக்கியின் கட்டைக்கு அதே சிப்பாய் எத்தனையோ நாள் ஆளிவிதை எண்ணெய் தேய்த்திருப்பான், அதைப் பற்றி எவனும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செக்கில் ஆட்டிய எண்ணெய் இன்னதென்று அவனுக்குத் தெரியும். அவன் ஊர் வயலிலேயே நீலப் பூப்பூத்து நிற்கிற செடி அது.

1904-ல் கல்கத்தாவுக்கு வடக்கே ஈஷாப்பூரில் துப்பாக்கித் தொழிற்சாலை ஏற்பட்டது. பழைய வெடிமருந்துச் சாலை இருந்த ஊர் அது. லீ-என்பீல்டு துப்பாக்கிகளை அங்கே செய்யத் தொடங்கியபோது, இரண்டு நூற்றாண்டுகளாகக் கடல் கடந்து நடந்த வியாபாரம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது: காஷ்மீரத்து அக்ரோட்டு மரமும் கங்கைச் சமவெளியின் ஆளிவிதை எண்ணெயும் ஹூக்ளிக் கரையிலேயே ஒன்றோடொன்று சேர்ந்தன. அந்தத் தொழிற்சாலை சுதந்திரத்துக்குப் பின்னும் வெகுகாலம் மரக்கட்டை போட்ட துப்பாக்கிகளைச் செய்துகொண்டிருந்தது.

மற்ற நாட்டார் மற்ற வழிகளை நாடினார்கள். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் நீண்ட குழல் துப்பாக்கிக்கு மேப்பிள் மரத்தைப் பயன்படுத்தினார்கள். வெளுத்த அந்த மரத்தின் சுருள் ரேகைகளை வெளிக்கொண்டுவர, இரும்புத் தூளைக் கரைத்த வெடியுப்புத் திராவகத்தை அதன்மேல் தடவிச் சூடு காட்டினார்கள். புலித்தோல் வரிகள்போல ரேகை எழும்பிய பிறகே எண்ணெய். ரஷ்யர்கள் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் பழுது பார்த்த துப்பாக்கிகளுக்கு அரக்கு வார்னிஷைத் தாராளமாகப் பூசினார்கள். உலகத்துக்கே அரக்கு கொடுத்த நாடு நம்முடையதானாலும், அந்தப் பூச்சை அழகென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அமெரிக்க ராணுவத்தில் ஆளிவிதையோடு சீனத்து டங் எண்ணெயும் வழங்கியது.

1914-ல் தொடங்கிய யுத்தம் மரத்தை விழுங்கிய வேகத்தில் பழைய முறைகள் எல்லாம் ஆட்டங்கண்டன. அமெரிக்கா யுத்தத்தில் இறங்கிய பின், 1918-ல், கறுப்பு அக்ரோட்டு மரம் எங்கெங்கே நிற்கிறதென்று தேடிக் கணக்கெடுத்துத் தரும்படி ஜனாதிபதி வில்சன் சாரணச் சிறுவர்களையே கேட்டுக்கொண்டார். துப்பாக்கிக் கட்டைக்கும் ஆகாயவிமானத்தின் சுழலிக்கும் அந்த மரமே வேண்டியிருந்தது. வருஷக்கணக்கில் காற்றில் உலர்த்த நேரமில்லாததால், மாடிசன் நகரத்து மரப்பொருள் ஆராய்ச்சிசாலையார் சூட்டறையில் வைத்துச் சில வாரங்களில் உலர்த்தும் வழியைச் செம்மை செய்தார்கள். அடுத்த யுத்தத்தில் பிரிட்டனுக்கு அக்ரோட்டு மரம் கட்டுப்படியாகவில்லை; பீச், பிர்ச் மரங்களுக்குச் சாயமிட்டு எண்ணெயில் முக்கி அனுப்பினார்கள். முந்நூறு வருஷத்துக்கு முன் சாயம் பூசி மறைத்த இடத்துக்கே தொழில் திரும்பி வந்தாற்போல் ஆயிற்று.

அதே மாடிசன் ஆராய்ச்சிசாலை வேறொரு பரிசோதனையும் செய்தது; அதன் முடிவு இந்தத் தொழிலாளிகளின் காதில் விழுந்திருந்தால் மனம் நொந்திருப்பார்கள். காற்றிலுள்ள ஈரம் மரத்துக்குள் புகாமல் தடுப்பதில் ஆளிவிதை எண்ணெய்க்கு மிகத் தாழ்ந்த இடமே கிடைத்தது. உருக்கிய பாரபின் மெழுகு அதைவிடப் பல மடங்கு மேலாக நின்றது. மரம் ஈரம் குடியாதிருக்கவே எண்ணெய் என்று பரம்பரையாக நம்பி வந்ததில் பாதிக்குமேல் தவறு. துளி வைத்தால் தண்ணீர் உருண்டு ஓடும் என்பது மெய். இரவு முழுவதும் மூடுபனியில் கிடந்தால் ஈரம் உள்ளே போகும் என்பதும் மெய். பழந்தச்சன் வெட்டு முகத்திலும் குழல் படியும் பள்ளத்திலும் தேன்மெழுகை உருக்கித் தடவினானே, அது அனுபவம் அவனுக்குக் கற்றுக்கொடுத்த திருத்தம். அப்படியிருந்தும் எண்ணெயை அவன் கைவிடாததற்கு நியாயம் இருந்தது. வார்னிஷ் பூசிய கட்டையில் ஒரு கீறல் விழுந்தால் முழுவதையும் சுரண்டி எடுத்து மறுபடி பூச வேண்டும். எண்ணெய்க் கட்டையில் விழுந்த கீறலுக்கு இரண்டு துளி எண்ணெயும் ஒரு கட்டை விரலும் போதும். காட்டிலும் பாசறையிலும் கிடக்கப்போகிற பொருளுக்கு அதைவிடப் பெரிய சௌகரியம் கிடையாது.

இந்தத் தொழிலின் அபாயம் துப்பாக்கியில் அல்ல, துடைத்துப் போட்ட துணியில் இருக்கிறது. எண்ணெய் உலரும்போது சூடு பிறக்கும். விரித்துக் கிடக்கும் துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும், சுருட்டி மூலையில் எறிந்த துணியில் உள்ளேயே கூடிக் கூடி ஒரு தீக்குச்சியும் இல்லாமல் பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில் பிலடெல்பியா நகரத்தில் 38 மாடிக் கட்டிடம் ஒன்று எரிந்து தீயணைப்பு வீரர் மூவர் மாண்டதற்கு, மரவேலையாளர்கள் விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணிகளே மூலம். பழைய பட்டறைகளில் அந்தத் துணிகளைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது வழக்கம்.

இன்று படைகளின் துப்பாக்கிகளில் பிளாஸ்டிக் கட்டைகள் வந்துவிட்டன. அவை உப்புவதும் இல்லை, எண்ணெய் கேட்பதும் இல்லை. ராணுவத்துக்கு அதுவே சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. லண்டனில் ஓரிரு பழைய வீட்டார் மட்டும் இன்னமும் உள்ளங்கையால் தேய்த்து வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள், அதற்குரிய விலையையும் வாங்கிக்கொள்கிறார்கள். நமக்குப் பக்கத்துக் குடகு நாட்டில், 1861 முதல் ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்ற கொடவர்கள், செப்டம்பர் மாதத்துக் கைல்போது பண்டிகையன்று வீட்டுத் துப்பாக்கிகளைத் துடைத்துப் பூஜையில் வைத்து, அவற்றின்மேல் 'தோக் பூ'வைச் சூட்டுகிறார்கள். துப்பாக்கிப் பூ என்பது அதன் பொருள். நாம் காந்தள் என்று அழைக்கிற பூதான் அது.

தமிழ்நாட்டிலும் பழைய மிராசுதார் வீடுகளிலும் மலைத்தோட்ட பங்களாக்களிலும் உரிமம் பெற்ற இரட்டைக் குழல் துப்பாக்கிகள் சில இன்னும் இருக்கின்றன. அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், கட்டை மங்கிவிட்டதே என்று தச்சரிடம் கொடுத்து வார்னிஷ் அடித்துவிடாதீர்கள். அடித்தால் அடியிலிருக்கும் நூறு வருஷத்து எண்ணெயையும் கைப்பட்ட மெருகையும் சுரண்டி எறிந்த பிறகுதான் அடிப்பார்கள். உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்து, ஆளிவிதை எண்ணெயில் இரண்டே துளியை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, மிஞ்சியதை ஒட்டத் துடைத்து எடுங்கள். துடைத்த துணியைத் தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துப் போடுங்கள். அலமாரியில் வைக்கும்போது குழலின் வாய் கீழே இருக்கும்படி வையுங்கள்; நிமிர்த்தி வைத்தால் இரும்புக்கு இட்ட எண்ணெய் சிறுகச் சிறுக இறங்கிக் கட்டையின் கழுத்தில்தான் வந்து சேரும்.